தற்காப்புக்கு ஒரு கம்பு: மலையகப் பொலிஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளைப் பொலிஸ் பிரிவுகளின் அத்தியட்சகர்களுக்கும், அவற்றின் கீழுள்ள நிலையங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருப்பவள் நான். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மாலையானால் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு மனுவும் முறைப்பாடும் விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி என்றுதான் வருவார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "டீச்சர், ராத்திரியில கையில ஒரு கம்பு வச்சிருந்தா குத்தமா?"

இதற்கு உங்களிடமிருந்து எழுத்தில் ஒரு பதில் வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

கம்பு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் யார் என்று முதலில் சொல்கிறேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை செய்கிறவர்கள். பகலில் எடுத்த கொழுந்து மேல்மாடியில் வாடி முடிய 12 மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகிறது. அதனால் அரைக்கும் வேலை பெரும்பாலும் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் தொடங்கும். அந்த நேரத்தில் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் நடக்கிறார்கள். பால் கேனைச் சுமந்துகொண்டு விடியுமுன் ரோட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும் உயர்தர மாணவிகளும், ஆடைத் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் பெண்களும் இருக்கிறார்கள். பஸ் நிற்கும் சந்தியிலிருந்து மேல் கணக்கு (மேல் பிரிவு) லயங்களுக்கு ஏறும் வழியில் விளக்குக் கம்பம் கிடையாது. ஒரு பக்கம் மானாப்புல், மறுபக்கம் டர்பன்டைன் காடு. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் சிறுத்தை நடமாடுவது உங்களுக்கும் தெரிந்ததுதான். சிறுத்தையை விடவும் கட்டாக்காலி நாய்க்கும், நாயை விடவும் தெரியாத மனிதனுக்கும் எங்கள் பெண்கள் பயப்படுகிறார்கள்.

அவர்கள் கையில் இருப்பது கொய்யாக் கம்பு, உடைந்த மண்வெட்டிப் பிடி, சில நேரம் வெறும் குடை. சண்டைக்குப் போகிறவர்கள் அல்ல அவர்கள்.

கடந்த மழைக்காலத்தில், பக்கத்துப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் அவளைக் கூட்டிக்கொண்டு போன தம்பியும் வீதிச் சோதனை ஒன்றில் நிறுத்தப்பட்டார்கள். எந்த நிலையத்து உத்தியோகத்தர் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. தம்பி கையிலிருந்த கம்பு பறிக்கப்பட்டது. ஆயுதம் வைத்திருந்ததாக வழக்குப் போட முடியும் என்று சொல்லப்பட்டது. எந்தச் சட்டம் என்று கேட்கும் தைரியம் இருவருக்கும் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெண் இரவு வேலையை விட்டுவிட்டாள். இரவு வேலைக் காசு நின்றுபோனதில் அந்த வீட்டில் என்ன குறைந்தது என்பது எனக்குத் தெரியும்.

நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் பத்துப் பேருக்கு மனு எழுத வேண்டுமென்றால் சட்டப் புத்தகத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கம்புக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கருமபீடம் எந்தப் பிரதேச செயலகத்திலும் இல்லை. அந்தக் கம்பால் என்ன நடந்தது, என்ன எண்ணத்தோடு அது கையில் இருந்தது என்பதைத்தான் தண்டனைச் சட்டக்கோவை பார்க்கிறது. வேண்டுமென்று காயப்படுத்தினால் 314ஆம் பிரிவு. உயிர் போக்கக்கூடிய கருவியால் காயப்படுத்தினால் 315. கடுங்காயம் என்றால் 316, 317. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான பொது நோக்கோடு கூடி நின்றால் 138. அந்தக் கூட்டத்தில் ஆபத்தான ஆயுதத்தோடு நின்றவருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். இவை எல்லாம் நியாயமான பிரிவுகள்தான். எங்கள் லயங்களையும் காப்பவை இவையே.

அதே சட்டக்கோவையில்தான் 89 முதல் 99 வரையான பிரிவுகளும் இருக்கின்றன. தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது என்று 89ஆம் பிரிவு தொடங்குகிறது. தன் உடலை மட்டுமல்ல, இன்னொருவர் உடலையும் காக்கலாம் என்கிறது 90. வன்புணர்வு நோக்கத்தோடோ கடத்தும் நோக்கத்தோடோ ஒருவன் தாக்க வந்தால், தாக்குகிறவனுக்கு மரணம் நேர்கிற அளவுக்குக் கூட அந்த உரிமை போகும் என்கிறது 93. ஆபத்து வருகிறது என்று நியாயமாக அஞ்சும் கணத்திலேயே உரிமை தொடங்கிவிடுகிறது, அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது 95. 1883ஆம் ஆண்டுச் சட்டம் இது. எங்கள் முன்னோர் கங்காணி கையில் அகப்பட்டு இந்த மலைகளில் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த உரிமை எழுத்தில் இருந்திருக்கிறது. லயத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

நீங்கள் நின்று படிக்க வேண்டும் என்று நான் கேட்பது 92ஆம் பிரிவை. அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை என்கிறது அது. இரண்டு நிபந்தனைகளையும் ஏற்கிறேன். ஆனால் முதல் நிபந்தனை, கூப்பிட்டால் வந்து சேரக்கூடிய ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நகரத்து வீதியில் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் உண்டு. மேல் பிரிவு லயத்தில், மழை இரவில், மூடுபனியில், லொறி ஏறவே சிரமப்படும் தோட்டத்துப் பாதையில் என்ன அர்த்தம்? 119க்கு அழைக்கச் சொல்கிறீர்கள். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டிய இடங்கள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. அழைப்புப் போனாலும், நிலையத்தில் ஜீப் இருந்து, அது புறப்பட்டு, எங்கள் வளைவுகளைத் தாண்டி வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். உத்தியோகத்தர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஆளும் வாகனமும் போதாமல் நீங்களும் திண்டாடுகிறீர்கள் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: பாதுகாப்பை நாட நேரம் இருந்ததா என்று ஒரு விசாரணையில் நீங்கள் எழுதும்போது, தூரத்தையும் பாதையையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். உதவி எட்டாத இடத்தில் நடக்கிறவளுடைய கையிலுள்ள கம்பை, உதவி எட்டாத தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு தடியும் எங்கள் தோட்டங்களில் இருக்கிறது. பாதுகாப்பு நிறுவனச் சீருடை போட்ட காவலாளியின் இடுப்பில் தொங்கும் குண்டாந்தடி. அதை யாரும் சோதனையில் பறிப்பதில்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் பதிவு செய்து ஒழுங்குபடுத்துகிறது, சரி. ஆனால் அந்தக் காவலாளி பொலிஸ் அல்ல. அவரும் என்னைப் போன்ற ஒரு குடிமகன்தான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, தன் கண்முன்னே பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் செய்கிறவரைப் பிடிக்கத் தனியாட்களுக்கு இடம் தருகிறது. பிடித்தால் தாமதிக்காமல் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பதற்கு அது அதிகாரம் தரவில்லை. விறகு பொறுக்கப் போன பெண்களின் கட்டை அவிழ்த்துக் கொட்டி, தடியால் தட்டி விரட்டிய காவலாளிகளைப் பற்றி நான் மனு எழுதியிருக்கிறேன். அந்த மனுக்கள் தோட்ட நிர்வாகத்தோடு சமரசமாகி முடிந்தன. சீருடை போட்டவரின் தடி கடமை, கூலிக்காரியின் கம்பு ஆயுதம் என்ற கணக்கு எங்கள் மனதில் ஆழமாக விழுந்துவிட்டது. ஒரு சட்டம் இருக்குமானால் அது இரண்டு கைகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கம்பு வைத்திருப்பதைவிட, அதைப் பயன்படுத்த நேர்ந்த பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. மறித்து நின்றவனை ஒரு பெண் அடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு முறைப்பாடு கொடுத்துவிடுவான். காயம் அவனிடம் இருக்கிறது. அவளிடம் பயம் மட்டும்தான் இருந்தது, அது உடம்பில் தெரியாது. அவளை நிலையத்துக்கு அழைப்பார்கள். அவள் தமிழில் சொல்வாள், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுவார். எழுதுகிறவருக்குத் தேவை சுருக்கம்: அடித்தாயா, எதனால் அடித்தாய், எத்தனை அடி. எங்கே மறித்தான், கையை எப்படிப் பிடித்தான், என்ன சொல்லி மிரட்டினான், எவ்வளவு நேரம் கூவினாள், பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பவை விட்டுப்போய்விடும். வாசித்துக் காட்டினாலும் அவளுக்கு விளங்காது. கையெழுத்து வைப்பாள், அல்லது கைநாட்டு வைப்பாள். "கம்பால் அடித்தேன்" என்ற ஒரு வரி மட்டும் பளிச்சென்று நிற்கும்.

பிறகு வழக்கு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது அதுவே என்ற அளவுக்குக் காட்டினால் போதும். 1942ஆம் ஆண்டின் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் இந்த அளவுகோலை வைத்திருக்கின்றன. போதும் என்றாலும் அதை அவள் எதை வைத்துக் காட்டுவாள்? நீதவான் முன்னால் அவள் முழுக் கதையையும் சொல்லும்போது, "இதை முதல் வாக்குமூலத்தில் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி எழும். சொன்னாள் ஐயா. எழுதப்படவில்லை. அந்த இடைவெளிக்குள் ஒரு நிரபராதி குற்றவாளியாகிவிடலாம். அதற்குப் பயந்தே பலர், வழக்கே வேண்டாம் என்று மறித்தவனிடமே போய்ச் சமாதானம் பேசுகிறார்கள். வழியில் அவனை மறுபடி பார்க்கிறார்கள்.

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசியலமைப்பு சொல்கிறது. நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று 1999இல் வர்த்தமானியில் வந்தது. இருந்தும், தமிழில் எழுதத் தெரிந்தவர் இன்றைக்கு லீவு, நாளைக்கு வாருங்கள் என்ற பதிலை எங்கள் ஆட்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்றக் காரியங்களில் நாளைக்கு வரலாம். அடிபட்டு வந்தவளுக்கும் அடித்துவிட்டு வந்தவளுக்கும் முதல் வாக்குமூலம் நாளைக்கு இல்லை.

இந்த மடலைப் படித்துவிட்டு, எல்லார் கையிலும் தடி கொடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பு எந்தக் கையில் எப்படி மாறும் என்பது எங்களுக்குத் தெரியும். 2011 ஆகஸ்டில் மர்ம மனிதன் என்று, உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் கிறீஸ் பூதம் என்று கிளம்பிய பீதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெண்கள் தனியாக மலைக்குப் போக மறுத்தார்கள். ஆண்கள் பொல்லும் கவ்வாத்துக் கத்தியுமாக இரவு முழுக்க லயத்தைச் சுற்றி நின்றார்கள். அந்தக் காவலில் ஒரு ஆறுதல் இருந்தது உண்மை. ஆனால் அதே பொல்லுகள் ஊருக்குப் புதிதாக வந்தவர் மேல், வியாபாரி மேல், மனநலம் குன்றியவர் மேல் விழுந்தன. நாட்டின் பல இடங்களில் உயிர்கள் போயின, புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கொல்லப்பட்டார். பயம் உண்மையாக இருந்தது, அடிபட்டவர்கள் அப்பாவிகளாக இருந்தார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பக்கம் நடந்தது வேறு வகை. வீதியில் தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி இறந்துபோக, அதைச் சாக்காக வைத்துத் திரண்ட கும்பல்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. நாட்டில் அவசரகால நிலை வந்தது. தனியாக நடக்கிறவளின் கம்பும் கூட்டமாக வருகிறவர்களின் தடியும் ஒரே மரத்தில் வெட்டியதாக இருக்கலாம், சட்டத்தின் முன் அவை ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் உத்தியோகத்தர்கள் வீதியில் பார்த்துச் செயல்பட வேண்டும்.

வீட்டுக்குள்ளும் கம்பு இருக்கிறது. சம்பள நாள் இரவில் அது யார் முதுகில் விழுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. பெண்களுக்கான உதவித் தொலைபேசியான 1938 இலக்கத்துக்கு அழைக்கும்படி பெண்களிடம் சொல்லி வருகிறேன். தற்காப்பு என்ற பேச்சு அந்த அடிகளுக்குச் சாக்காகிவிடக் கூடாது.

கொழும்பில் வேலை செய்யும் சில தம்பிமார் நீட்டி மடக்கும் உருக்குத் தடிகளை இணையத்தில் வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு ஊர் வருகிறார்கள். அக்காவுக்குப் பாதுகாப்பு என்று நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். உருக்கால் மண்டையில் விழும் ஒரு அடி 314ஐத் தாண்டி 317க்குப் போகும். உயிர் போய்விட்டால், தற்காப்பின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறினோம் என்று காட்டி 294ஆம் பிரிவின் விதிவிலக்கைக் கேட்டு நிற்க வேண்டும். கொலையாகாத மனிதக்கொலை என்று தீர்ந்தாலும் சிறைதான். அடிக்கவென்றே செய்த பொருளைப் பையில் வைத்திருந்தால், என்ன எண்ணத்தில் வைத்திருந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் கஷ்டம். பழக்கமில்லாத கையிலிருந்து அதைப் பறித்து அவளையே அடிக்கவும் முடியும். டோர்ச்சும் விசிலும் இரண்டு பேராகச் சேர்ந்து நடப்பதும், வழியை ஊன்றவும் நாயை விரட்டவும் ஒரு மரக் கம்பும் போதும் என்பது என் எண்ணம். ஆனால் என் எண்ணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. உங்கள் வார்த்தை வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் பிரிவுகளுக்குள், தனியாளொருவர் வழித்துணைக்கு மரக் கம்பு வைத்திருப்பது பற்றி உத்தியோகத்தர்களுக்கு என்ன அறிவுறுத்தல் இருக்கிறதோ அதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். அறிவுறுத்தல் எதுவும் இல்லையென்றால் ஒன்றை எழுதுங்கள். உருக்குத் தடி பற்றியும் அதிலேயே தெளிவாகச் சொல்லுங்கள், கூடாதென்றால் கூடாதென்று சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். எதையாவது பறித்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதி ஒரு துண்டு கொடுங்கள். அடிதடி முறைப்பாடுகளில் இரு தரப்பு முதல் வாக்குமூலத்தையும் அவரவர் மொழியில் எழுதுங்கள். தற்காப்புக்காக என்று ஒருவர் சொன்னால், சுருக்காமல் அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். தமிழ் எழுதும் உத்தியோகத்தர் ஒருவராவது இரவுக் கடமையில் இருக்கும்படி பட்டியல் போடுங்கள். அது இயலாத நிலையங்கள் பக்கத்து நிலையத்திலிருந்து தொலைபேசியிலாவது ஒருவரை இணைத்துக்கொள்ளலாம். காவலாளிகளின் தடி பற்றித் தோட்ட நிர்வாகங்களோடு பேசுங்கள். சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களைப் பகலில் டவுனில் வைக்காமல், பெரட்டு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் கூட்டம், முடிந்த பிறகோ கொழுந்து நிறுக்கும் நேரத்திலோ தோட்டத்தில் வையுங்கள், பெண்களும் வருவார்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தனியாக எழுதுகிறேன். லயத்திலிருந்து ஸ்டோருக்குப் போகும் பாதைக்கு விளக்குப் போடுவதும், இரவு வேலைக்காரர்களை லொறியில் ஏற்றி இறக்குவதும் அவர்கள் பொறுப்பு. அது நடந்தால் பாதிப் பேர் கம்பைக் கையில் எடுக்கவே மாட்டார்கள். ஆனால் அது நடக்கும்வரை இன்றிரவும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த மடலிலுள்ள கேள்விகளையே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமாகவும் உங்கள் நான்கு பிரிவு அலுவலகங்களின் தகவல் அதிகாரிகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வருகிற பதிலைப் பெரட்டுக்களத்திலும் ஸ்டோர் வாசலிலும் கோயிலிலும் ஒட்டுவோம். தமிழில் வந்தால் வந்தபடியே ஒட்டுவோம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில்
மனு எழுதிக் கொடுக்கும் ஒருத்தி